பெயரும் பொருளும்: அலெக்சாந்தர்

சென்ற திங்கள் அன்பர் ஒருவர் நமக்கு மடல் விடுத்திருந்தார். பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவர். தம் மகனுக்கு, மறைந்த தம் தந்தையார் நினைவாக அழகப்பன் என்று பெயரிட்டிருக்கிறார். பள்ளியில் சேர்த்த நாள் முதல் அப்பெயர் படும் பாட்டைப் பொறுக்க முடியவில்லை என்கிறார். ஒரு பதிவேட்டில் அலகப்பன்; மற்றொன்றில் அஜகப்பன். உடன் பயிலும் சிறுவர்கள் அதனை இன்னும் சுருக்கி ‘அஜகர்’ என்று கூவுகின்றனராம். இந்தியில் அச்சொல்லுக்கு மலைப்பாம்பு என்று பொருள். போதாக்குறைக்குக் குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் எழுத்தர் தந்தையின் பெயரை நிரப்பிவிட, ஆசிரியர்களில் ஒருவர் பிள்ளையைத் தந்தையின் பெயராலேயே அழைக்கிறார். “எனக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று பிள்ளை அழுதுகொண்டு கேட்கிறான். வடநாட்டார் நாவில் எளிதாக வரும் பெயர் ஒன்றை மாற்றி வைத்துவிடலாம் என்கிறார் அவன் தாயார். உடன் இருக்கும் பாட்டியாரோ ஒன்றும் சொல்லவில்லை. கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. பேரனை அவர் ‘ஐயா’ என்றே அழைப்பவர். “பெயரை மாற்றலாமா, நீங்களே சொல்லுங்கள்” என்று மடல் முடிகிறது.

இப்படி ஒரு வினா எழும் வீடு இது ஒன்று மட்டும் அன்று. நம் வாசகர் பலர் வீட்டிலும் இது ஏதேனும் ஒரு வடிவில் எழுந்திருக்கும். ஆகவே இத்திங்கள் வேறு பெயர்களை விடுத்து, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டார் நாவிலும் அடிபட்டு வந்த கிரேக்கப் பெயர் ஒன்றின் வரலாற்றைக் கூறுவோம். அதன்பின் அன்பரின் வினாவுக்கு வருவோம்.

அப்பெயர் அலெக்சாந்தர் என்பது. கிரேக்கர் அதனை ‘அலெக்சாந்த்ரோசு’ என்றனர். அது இரு சொற்கள் கூடிய தொடர். ‘அலெக்சேயின்’ என்றால் தடுத்துக் காத்தல். ‘அனேர்’ என்றால் ஆடவன். வேற்றுமை ஏற்கும்போது அது ‘அந்த்ரோசு’ என்றாகும். எனவே ஆடவரைக் காப்பவன், வருபகையைத் தடுத்து மாந்தரைப் புரப்பவன் என்பது பெயரின் பொருள். நமக்குச் சற்று வியப்பளிக்கும் செய்தி ஒன்று இங்கே உண்டு. கிரேக்கமும் வடமொழியும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவை என மொழிநூலார் நிறுவியிருக்கின்றனர். அவர்கள் கணக்கில், ‘அலெக்சேயின்’ என்பதும், நாம் இரட்சித்தல் என்று எழுதும் வடசொல்லின் வேரும் உடன்பிறந்தவை. ‘அனேர்’ என்பதும் ‘நரன்’ என்பதும் அவ்வாறே. நரரை இரட்சிப்பவன் என்று நாம் சொல்வோமானால், அது அலெக்சாந்தர் என்பதன் மொழிபெயர்ப்பு மட்டும் அன்று. ஒரே குடியில் பிறந்த இரு சொற்களின் மறுசந்திப்பும் ஆகும்.

இப்பெயர் என்றதும் மாசிடோனிய நாட்டு வேந்தன் ஒருவனே நம் நினைவுக்கு வருகிறான். ஆயினும் பெயர் அவனினும் மிகப் பழையது. கிரேக்க நாட்டின் மைசீனி என்னும் ஊரில் கிடைத்த களிமண் ஏடுகளை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிசு என்னும் ஆங்கிலேயர் கண்ட நெறியால் அறிஞர் படித்தனர். கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏடு ஒன்றில் பெண்டிர் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று: அ-ரெ-க-ச-த-ர. அலெக்சாந்த்ரா என்பதே அது. அக்கால எழுத்து முறையில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை; மெய்யெழுத்தைத் தனித்து எழுதவும் வழியில்லை; வல்லினத்தின் முன் வரும் மெல்லினத்தை எழுதாமலே விட்டுவிடுவர். ஆகவே பெயர் இவ்வாறு உருமாறி நின்றது. கிரேக்க எழுத்தில் இப்பெயரைத் தாங்கி நிற்பவர்களுள் மிகப் பழையவர் ஒரு வேந்தன் அல்லர், பெயர் ஒன்றையன்றி வேறெதனையும் நமக்கு விட்டுச் செல்லாத ஒரு பெண்மணி என்பது கருதத்தக்கது.

ஏறத்தாழ அதே காலத்தில், இன்றைய துருக்கி நாட்டில் ஆண்ட இட்டைட்டு மன்னன் முவத்தல்லி, ‘விலுசா’ என்னும் நகரின் தலைவனோடு உடன்படிக்கை செய்துகொண்டான். அத்தலைவன் பெயர் அலக்சாந்து. விலுசா என்பது கிரேக்கர் இலியோன் என்றும் திராய் என்றும் கூறிய நகரே என்பது அறிஞர் பலர் முடிபு. ஓமர் பாடிய இலியத்து என்னும் காப்பியத்தில் அந்நகரத்து இளவரசன் பாரிசுக்கு இன்னொரு பெயர் அலெக்சாந்தர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். உண்மையில் அக்காப்பியத்தில் பாரிசு என்னும் பெயரினும் அலெக்சாந்தர் என்னும் பெயரே மிகுதியாக வழங்குகிறது. குழந்தைப் பருவத்தில் மலையில் விடப்பட்டு ஆயரால் வளர்க்கப்பட்ட அவன், கள்வரிடமிருந்து மந்தையைக் காத்தமையால் இப்பெயர் பெற்றான் என்று பிற்காலக் கதை கூறும். மந்தையைக் காத்தவன் பின்னர்த் தன் நகரைக் காத்தானா? பிறன் மனைவியைக் கவர்ந்து வந்து நகர் முழுவதும் எரியக் காரணமானான். பெயரின் பொருளும் பெயருடையான் செயலும் எப்போதும் ஒத்திருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

மாசிடோனிய அரச குடியில் இப்பெயர் வழிவழி வந்தது. நாம் அறிந்த வேந்தன் அப்பெயருடைய மூன்றாமவன். கி.மு. 356-இல் பிறந்து, 336-இல் அரியணை ஏறி, 323-இல் பாபிலோனில் மாண்டான். அவன் தாய்மாமன் பெயரும் அதுவே. அவன் இறந்த பின் பிறந்த மகன் பெயரும் அதுவே. கிரேக்கரிடையே பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது பெருவழக்கு. நாமும் பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் அன்றோ பெயரன் என்றோம். அதுவே பேரன் என மருவிற்று.

இன்னொன்றையும் நம் அன்பர் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மாவேந்தனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிலிப்பின் அலெக்சாந்தர் என்பதே அவன் முழுப்பெயர். ஏதென்சு நகரத்தாரும் தன் பெயர், தந்தை பெயர், ஊர்ப்பகுதியின் பெயர் என்னும் மூன்றாலேயே தம்மைக் குறித்தனர். தந்தை பெயரின் முதலெழுத்தையும் ஊர்ப் பெயரின் முதலெழுத்தையும் தாங்கி நிற்கும் நம் வழக்கமும் அதற்கு அயலானது அன்று. பள்ளிப் படிவத்தின் கட்டம் நமக்குப் பொருந்தவில்லை என்றால், குறை கட்டத்தினுடையதே. நம் பெயரினுடையது அன்று.

இனி, அப்பெயர் கிழக்கே வந்த கதையைப் பார்ப்போம். கி.மு. 331-இல் எகிப்தின் கடற்கரையில் தன் பெயரால் ஒரு நகர் அமைத்தான் அலெக்சாந்தர். இன்றைய ஆப்கானிய நாடு வரையிலும் அப்பெயருடைய நகரங்கள் எழுந்தன. நம் பழைய பாலி நூல்கள் அவற்றை ‘அலசந்தா’ என்று குறித்தன. மிலிந்தன் என்னும் யவன மன்னன் தான் பிறந்தது அலசந்தாவில் என்று நாகசேனரிடம் கூறுவதாக மிலிந்த பஞ்ஞா என்னும் நூலில் வருகிறது. இலங்கையில் பெருந்தூபம் எழுப்பிய விழாவுக்கு யவனத் துறவியர் அலசந்தாவிலிருந்து வந்தனர் என்று மகாவம்சம் கூறுகிறது.

பின்னர் அரபியர் வந்தனர். அவர்கள் மொழியில் ‘அல்’ என்பது பெயர்களுக்கு முன் வரும் சுட்டு. அலெக்சாந்தர் என்று கேட்டவுடன், முதலில் நின்ற ‘அல்’ பெயரின் உறுப்பு அன்று, தம் மொழிச் சுட்டு என்று கொண்டனர். எஞ்சியதில் ‘க்ச்’ என்பது முன்பின்னாக மாறி ‘சுக்’ என்றாயிற்று. இசுக்கந்தர் பிறந்தார். பாரசீக வழக்கில் முதல் உயிரும் தேய்ந்து சிக்கந்தர் என்றும் ஆயிற்று. பாரசீகத்தின் பழைய சமயத்தார், தம் நூல்களை அழித்தவன் என்று அவனைச் சபிக்கப்பட்டவன் என்னும் அடையோடே குறித்தனர். அதே நாட்டில், சில நூற்றாண்டுகளுக்குப் பின், பிர்தௌசி தம் சாநாமாவில் அவனைப் பாரசீக அரசனுக்கே பிறந்தவனாக்கினார். நிசாமி அவனை ஞானியாக்கினார். தில்லியில் வாழ்ந்த அமீர் குசுரோ ‘ஆயினா-இ-சிக்கந்தரி’ பாடினார். சபித்த நாட்டிலேயே பெயர் பிள்ளைகளுக்கு இடும் பெயராயிற்று.

வடபுலத்தில் வாழும் நம்மவர் அப்பெயரின் சுவடுகளை நாள்தோறும் மிதித்தே நடக்கின்றனர். அலாவுதீன் கில்சி தன் நாணயங்களில் தன்னை இரண்டாம் சிக்கந்தர் என்று பொறித்துக்கொண்டான். 1489 முதல் 1517 வரை தில்லியில் ஆண்ட நிசாம்கான், சிக்கந்தர் லோடி எனப் பட்டம் பூண்டான். ஆக்ராவை அடுத்துள்ள சிக்கந்தரா அவன் பெயரால் அமைந்ததே. அக்பரின் கல்லறை இருப்பதும் அங்கேதான். ஐதராபாத்தை அடுத்துள்ள செகந்திராபாத்து, 1806-இல் நிசாம் சிக்கந்தர் சாவின் பெயரால் அமைந்தது. போபாலை ஆண்ட சிக்கந்தர் பேகம் 1868-இல் மறைந்தவர். ஆடவரைக் காப்பவன் என்னும் பெயர் ஒரு பெண்ணரசிக்கு உரிமையாயிற்று. இந்தியிலோ சிக்கந்தர் என்பது வெற்றியாளன் என்னும் பொதுச்சொல்லே ஆகிவிட்டது. வென்றவனே சிக்கந்தர் என்னும் மொழியைக் கேளாத வடநாட்டுச் சிறுவன் இல்லை. நம் அன்பரின் மகனை எள்ளும் சிறுவரும் அதனைச் சொல்லியிருப்பர். தாம் சொல்வது ‘அல்’ வெட்டுண்டு, மெய் இடம்மாறி, முதலுயிர் தேய்ந்த ஒரு பெயர் என்பதை அவர்கள் அறியார்.

மேற்கே சென்ற வடிவங்களும் இவ்வாறே. இத்தாலியர் அலெசாந்திரோ என்றனர். மின்னழுத்தத்தின் அளவைக்குத் தம் பெயரை அளித்த வோல்டா அப்பெயரினர். இசுபானியர் அலெகாந்திரோ என்பர். உருசியர் அலெக்சாந்தரைக் கொஞ்சலாகச் சாசா என்றும் சூரா என்றும் அழைப்பர். இசுகாத்துலாந்தில் அது அலசுதர் ஆயிற்று. சாண்டி என்பதும் அதன் குறுக்கமே. அல்பேனியாவின் வீரன் கசுத்திரியோதி துருக்கியரை எதிர்த்துப் போரிட்டான். ஆயினும் துருக்கியர் தனக்கு இட்ட இசுக்கந்தர்பேகு என்னும் பெயராலேயே இன்றும் போற்றப்படுகிறான்.

அங்கேரியர் அலெக்சாந்தரைச் ‘சாந்தோர்’ என்பர். அந்நாட்டறிஞர் கோரோசி சோமா சாந்தோர் என்பவர் தம் இனத்தின் மூலத்தைத் தேடிக் பெரும்பாலும் கால்நடையாக ஆசியாவின் பல நாடுகளைக் கடந்து இமயம் வந்து, திபெத்திய மொழியைக் கற்று, 1834-இல் கல்கத்தாவில் அம்மொழிக்கு அகராதி வெளியிட்டார். 1842-இல் தார்சிலிங்கில் மறைந்தார். அவர் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் பெயரைப் பாருங்கள்: கோரோசி என்பது பிறந்த ஊரால் வந்தது, சோமா என்பது குடியின் பெயர், சாந்தோர் என்னும் தம் பெயர் கடைசியில் நிற்கிறது. ஊரும் முன்னோரும் முன்னே நிற்க, தான் பின்னே நிற்கும் முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தோம் அல்லவா!

இவ்வளவும் கேட்டவர் ஒரு தடை எழுப்பலாம். “அலெக்சாந்தர் பெயர் வாழ்ந்தது வாளின் வலியால். தீபசு நகரைத் தரைமட்டமாக்கியவன் பெயரை உலகம் மறக்குமா? பிழைக்க வந்த இடத்தில் வாடகை வீட்டில் இருக்கும் நமக்கும் அவனுக்கும் என்ன ஒப்புமை?” தடை நேரியதே. அதற்கு விடையைத் தேராதூனுக்கு அப்பால் யமுனைக் கரையில் உள்ள கல்சி என்னும் ஊர்ப் பாறையிலிருந்து எடுத்துக் காட்டுவோம்.

அது அசோகனுடைய 13-ஆம் பாறைக் கட்டளை. கலிங்கப் போரில் இலட்சம் பேர் மடிந்தனர் என்றும், அதற்குத் தான் வருந்தினான் என்றும், வாளால் வெல்வதினும் அறத்தால் வெல்வதே தலையாய வெற்றி என்றும் அவன் அதில் கூறுகிறான். அவ்வறம் சென்று பரவிய நாடுகளை எண்ணும்போது, மேற்கே யவன வேந்தர் ஐவரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறான். ஐவருள் ஒருவன் அலெக்சாந்தர். மாவேந்தன் அல்லன், அவனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிற்பட்ட வேறொரு கிரேக்க மன்னன். அதை அடுத்தே தெற்கே சோழரையும் பாண்டியரையும் தாமிரபரணியாகிய இலங்கையையும் குறிக்கிறான். நம் மூவேந்தருள் இருவர் பெயரும் கிரேக்கப் பெயரும் ஒரே கல்லில், ஒரே மூச்சில் நிற்கின்றன. இன்று பாக்கித்தானத்தில் உள்ள சாபாசுகடிப் பாறையில் அப்பெயர் எழுதப்பட்டுள்ள விதம் இது: அ-லி-க-சு-த-ர.

மைசீனி நகரத்து ஏட்டை நினைவு கூர்க: அ-ரெ-க-ச-த-ர. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு. ஒன்று கிரேக்கக் களிமண், மற்றது காந்தாரக் கல். எழுதிய இருவரும் தத்தம் எழுத்து இடம் தந்த அளவே எழுதினர். இருவரும் மெய்யை உயிரேற்றி நிறுத்தினர்; இருவரும் மெல்லினத்தை விட்டனர். ஆயினும் ஆறு அசையும் நின்றன, பெயர் அழியவில்லை. அந்நிய ஒலியைத் தம் எழுத்துக்கு இயைய அமைத்துக்கொள்வது பிழை அன்று. வடசொல்லை வட எழுத்து நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியரும் விதித்திருக்கிறார்.

அக்கல்லெழுத்தில் இருந்த கிரேக்க அரசர் பெயர்களால் விளைந்த பயன் மிகப் பெரிது. அவ்வேந்தர் ஐவரும் ஒருங்கே வாழ்ந்த காலம் கிரேக்க வரலாற்றால் தெரியும்; ஆகவே அசோகன் காலம் தெளிவாயிற்று. இவ்வாறே கிரேக்கர் ‘சந்த்ரகோத்தோசு’ என்று சிதைத்து எழுதிய பெயர் சந்திரகுப்தனுடையதே என்று 1793-இல் வில்லியம் சோன்சு கண்டார். நம் பாண்டியனை அவர்கள் பாண்டியோன் என்றனர். முசிறியை முசிரிசு என்றனர். சிதைந்த வடிவிலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அளவு ஒலி எஞ்சியிருந்தமையால் அன்றோ இந்திய வரலாற்றுக்கு ஆண்டுக் கணக்குக் கிடைத்தது? அச்சிதைவைக் கண்டு அஞ்சி அப்பெயர்களை எழுதாமலே விட்டிருந்தால் நமக்கு எதுவும் எஞ்சியிராது. இன்னொரு செய்தி: அசோகன் கல்வெட்டுகளை ஒரு தொகுதியாக்கி 1877-இல் வெளியிட்டவர், தொல்பொருள் துறையின் முதல் தலைவரான கன்னிங்காம். அவர் முதற்பெயர் அலெக்சாந்தர். தம் பெயரின் பழைய வடிவத்தை அப்பாறையெழுத்தில் அவர் கண்டிருப்பார்.

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். பெயரை மாற்ற வேண்டா என்பதே நம் கருத்து. ஆயினும் பிள்ளையின் தாயார் சொல்வதில் உண்மை இல்லை என்று நாம் கூறோம். நாள்தோறும் கண்ணீரோடு வரும் பிள்ளையைக் காண்பவர் அவர். எள்ளலைப் பொறுத்துக்கொள் என்று பிள்ளைக்குச் சொல்வது எளிது, பொறுப்பது அவன். ஆதலின் பெற்றோர் செய்ய வேண்டுவன சில உண்டு.

ஆசிரியர் அலகப்பன் என்று சொன்னால் அதனைக் குற்றமாகக் கொள்ள வேண்டா. ழகரம் அவர் நாவுக்குப் பழகாதது. இசுகாத்துலாந்தார் அலசுதர் என்றால் கிரேக்கர் நோவதில்லை. அன்பினால் திரியும் பெயர் வேறு. இகழ்ச்சியினால் திரியும் பெயர் வேறு. மலைப்பாம்பு என்று எள்ளுவது இரண்டாம் வகை. அதனை ஆசிரியரிடம் நேரில் சென்று சொல்லித் தடுப்பது தந்தையின் கடமை. பிள்ளை தானே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுதல் ஆகாது. ஆங்கில எழுத்தில் ஒரே வடிவத்தைத் தேர்ந்து, பள்ளிச் சான்று முதல் எல்லாத் தாள்களிலும் அதனையே எழுதச் செய்யுங்கள். தாளுக்குத் தாள் வேறுபட்டால் பின்னாளில் பிள்ளை அல்லற்படுவான். விளையாட்டுத் தோழர்க்கு அழகு என்ற குறுக்கம் போதும் என்றால் அதுவும் இருக்கட்டும். உருசியச் சாசாவும் தாளில் அலெக்சாந்தரே. அவன் ஏடுகளின் முதற்பக்கத்தில் மட்டும் அவன் பெயரைத் தமிழில் அவனே எழுதட்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. எனக்கு ஏன் இந்தப் பெயர் என்று அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. சிக்கந்தர் என்ற பெயரைத் தாங்கி நடப்பவருள் பெரும்பாலோர் அதன் பொருளை அறியார். ஆயினும் தம் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு என்பதை அறிவர். பெயரைத் தாங்கும் வலிமை அந்த அறிவிலிருந்தே வருகிறது. நம் அன்பரின் இல்லத்தில் அக்கதையை முழுதும் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் இதுவரை பேசவில்லை. இன்றிரவு பிள்ளையை அப்பாட்டியார் அருகில் அமர்த்தி, “ஐயா பெயருடைய பெரியவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்கச் செய்யுங்கள். கணவர் பெயரை ஒருமுறையும் உச்சரிக்காமலே அவர் அக்கதை முழுவதையும் சொல்லிவிடுவார். அதனைக் கேட்ட பின்னும் பிள்ளை தன் பெயரை மாற்றக் கேட்டால், நமக்கு மீண்டும் எழுதுங்கள்.